வரி தண்டுவோரும் குறை நிரப்புவோரும்



வரி என்றதும் நம் மனக்கண்முன் இருவர் தோன்றுவர். ஒருவர் வரியை விதிக்கும் அரசர். மற்றவர் அதைச் செலுத்தும் குடிமகன். வரலாற்று நூல்களும் பெரும்பாலும் இவ்விருவரைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் எந்த அரசனும் ஊர்தோறும் நடந்து வந்து தன் கையாலேயே வரியை வாங்கியதில்லை. குடிமகனும் தலைநகரைத் தேடிச் சென்று முடிச்சை அவிழ்த்ததில்லை. இருவருக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் எப்பொழுதும் நின்றிருக்கிறார். அவரே வரி தண்டுபவர். தண்டுதல் என்பது வரியைச் சேர்த்தெடுப்பதைக் குறிக்கும் பழைய தமிழ்ச் சொல். கல்வெட்டுகளிலும் பழைய ஓலைகளிலும் அடிக்கடி காணப்படுவது.

இம்மூன்றாமவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவர் எவ்வூரினர், அவரை நியமித்தவர் யார், அவருக்குக் கிடைத்த ஊதியம் யாது என்று பல வினாக்கள் எழலாம். அவை எல்லாவற்றினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. அரசு கேட்ட தொகை நூறு. ஊரிலே திரண்டது எண்பது. எஞ்சிய இருபதை நிரப்புவது யார் பொறுப்பு? ஓர் ஆட்சியின் வரிமுறை நியாயமானதா என்பதை அறிய இவ்வொரு வினாவே பெரும்பாலும் போதுமானது. இதற்குச் சான்றாக இரண்டு வரலாறுகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று உரோமர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த கிரேக்க நகரங்களின் வரலாறு. மற்றது நாம் வாழும் இக்கொழும்பிலும் அதனைச் சூழ்ந்த கரையோரத்திலும் நிகழ்ந்தது.

கிறித்தவ நேயர்கள் ஆயக்காரர் என்னும் சொல்லை நன்கு அறிவர். எரிகோ நகரிலே ஆயக்காரருக்குத் தலைவனாய் இருந்த சகேயுவின் கதை விவிலியத்தில் வருகிறது. அக்காலத்து மக்கள் ஆயக்காரரையும் பாவிகளையும் ஒரே மூச்சிற் கூறி வெறுத்தனர். அவ்வெறுப்புக்கு நீண்டதொரு முன்கதை உண்டு.

இன்று துருக்கி எனப்படும் நாட்டின் மேற்குப் பகுதியை உரோமர் ஆசிய மாகாணம் என்று அழைத்தனர். எபேசு, பெர்கமம், சிமிர்னா முதலிய செல்வம் கொழித்த கிரேக்க நகரங்கள் அங்கே இருந்தன. கி.மு. 123ஆம் ஆண்டில் காயஸ் கிராக்கஸ் என்னும் உரோமத் தலைவர் கொண்டுவந்த சட்டத்தின்படி, அம்மாகாணத்தின் வரியைத் தண்டும் உரிமை உரோம நகரிலேயே ஏலத்தில் விடப்பட்டது. செல்வர்கள் கூட்டுச் சேர்ந்து அதை ஏலத்தில் எடுத்தனர். அரசுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட தொகைக்கு மேலே எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவும் அவர்களுடைய இலாபம். ஏலத்தில் தொகை ஏற ஏற, கடலுக்கு அப்பால் இருந்த உழவனின் சுமையும் ஏறியது. ஏலம் கேட்டவர்கள் அவ்வுழவனைக் கண்டதுமில்லை. காணவேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

இதன் விளைவு கொடியதாயிற்று. கி.மு. 88ஆம் ஆண்டில் பொந்துசு நாட்டு மன்னன் மித்திரிடேட்டஸ் உரோமரை எதிர்த்து எழுந்தபோது, ஆசிய மாகாணத்து நகரங்கள் பலவற்றில் உரோமரும் இத்தாலியரும் ஒரே வேளையிற் கொல்லப்பட்டனர். இறந்தோர் தொகை 80,000 எனப் பழைய நூல்கள் கூறுகின்றன. தொகையில் மிகை இருக்கலாம். மக்கள் மனத்தில் மூண்டிருந்த சினத்தில் மிகை இருந்ததாகத் தோன்றவில்லை. பின்னர் வெற்றி பெற்ற உரோமத் தளபதி சுல்லா அம்மாகாணத்தின்மீது 20,000 தாலந்து தண்டம் விதித்தார். நகரங்கள் வட்டிக்கு வாங்கிக் கட்டின. சில ஆண்டுகளில் அக்கடன், வட்டிக்கு வட்டி ஏறி, 120,000 தாலந்தாக வளர்ந்ததென்று புளூட்டாக் என்னும் வரலாற்றாசிரியர் எழுதியுள்ளார்.

இந்நிலையை மாற்றியவர் யூலியஸ் சீசர். அவர் ஆசிய மாகாணத்தின் வரியில் மூன்றிலொரு பங்கைக் குறைத்தார். குத்தகைக் கூட்டத்தாரை நேர்வரியிலிருந்து விலக்கி, அந்தந்த நகரமே தன் பங்கைத் தண்டிச் செலுத்தட்டும் என்று விட்டார். அயலார் போயினர், உள்ளூரார் வந்தனர். காலப்போக்கில் இவ்வேலைக்கென்று நகரங்களில் ஒரு குழு அமைந்தது. அக்குழுவினரைக் கிரேக்க மொழியில் தெக்காப்புரோத்தோய் என்றனர். முதற் பதின்மர் என்று நாம் அதனைத் தமிழாக்கலாம். சில நாடுகளில் முதல் இருபதின்மரும் இருந்தனர். நகரவையில் இடம்பெற்ற, நிலபுலன் மிக்க, மதிப்புடைய குடும்பத்தவரே இப்பொறுப்புக்குத் தெரிவுசெய்யப்பட்டனர்.

நிலபுலன் உடையோரை ஏன் தேடினர்? இங்கேதான் நம்முடைய வினா வருகிறது. நகரத்தின் பங்கு முழுமையாகத் திரளாவிட்டால், குறைந்த தொகையை அம்முதற் பதின்மர் தம் சொந்தச் சொத்திலிருந்து நிரப்ப வேண்டும். இறந்தவருடைய வரிப்பாக்கியையும் அவர்களே ஈடுசெய்தாக வேண்டும் என்று உரோமச் சட்டநூல்கள் விதித்திருந்தன. அவர்களுடைய வயலும் வீடும் பேரரசுக்குப் பிணையாய் நின்றன.

தொடக்கத்தில் இதனைப் பெரும் பேறாகவே கருதினர். இன்னார் முதற் பதின்மருள் ஒருவராய் விளங்கியவர் என்று கல்லிற் பொறித்துப் பெருமை கொண்டாடினர். சின்ன ஆசியாவின் தென்கரையில் உள்ள லிக்கியா நாட்டிலே ஒப்பிராமோவாஸ் என்றொரு பெருஞ்செல்வர் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தார். பேரரசுக்குரிய வரியைத் திரட்டும் பெரும் பதவியை ஏற்றவர். நிலநடுக்கத்தால் அழிந்த நகரங்களுக்கு வாரி வழங்கியவர். அவரைப் புகழ்ந்து எழுதிய ஆணைகளும் கடிதங்களும் அவருடைய கல்லறை மண்டபத்துச் சுவர்களை நிரப்பியிருந்தன. அத்தகைய செல்வர்க்கு ஓராண்டுக் குறையை நிரப்புவது அரிதன்று. அப்படி நிரப்பியதால் ஊரில் அவர்க்குப் பெயரும் செல்வாக்கும் பெருகின.

ஆனால் எல்லா ஊரிலும் ஒப்பிராமோவாஸ் இருப்பதில்லை. மூன்றாம் நூற்றாண்டிலே போரும் கொள்ளைநோயும் பணத்தின் மதிப்பு வீழ்ச்சியும் பேரரசை அலைத்தன. விளைவு சுருங்கியது, கேட்ட வரி சுருங்கவில்லை. கௌரவமாய் இருந்த பதவி கழுத்துக்குச் சுருக்காயிற்று. பதவிக்குத் தெரிவாகாமல் தப்புவதற்கு வழி தேடியோர் பலர். எகிப்தில் மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஏற்படுத்தப்பட்ட இப்பதவி கி.பி. 302ஆம் ஆண்டளவில் நீக்கப்பட்டது. அதன்பின்னரும் நகரவையோர் தலையிலிருந்து பொறுப்பு இறங்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரத்து நாவலர் லிபானியஸ், நகரவையைவிட்டுச் செல்வர்கள் ஓடிவிடுவதைக் குறித்து வருந்தி எழுதியிருக்கிறார். வரிக் குறையை ஒரு சிலர் முதுகில் ஏற்றிய பேரரசு, நாளடைவில் தன் நகரங்களைத் தாங்கி நின்ற குடும்பங்களையே இழந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இவ்விரண்டு வரலாறுகளையும் இணைக்கும் ஒரு சொல் நம் வழக்கிலே உண்டு. பழைய காணி உறுதிகளைப் பார்த்தவர்கள் தோம்பு என்னும் சொல்லைக் கண்டிருப்பர். ஊர், காணி, உடையவர் பெயர், கொடுக்கவேண்டிய இறை ஆகியவற்றைப் பதிந்த ஏடு அது. போர்த்துக்கேய மொழியிலிருந்து நமக்கு வந்த இச்சொல், இலத்தீன் வழியாகக் கிரேக்கத்துத் தோமோஸ் என்னும் சொல்லுக்குப் போய்ச் சேர்கிறது. எகிப்து நாட்டு வரி அலுவலகங்களிலே பல தாள்களை ஒன்றோடொன்று ஒட்டிச் சுருளாக்கி வைத்த பதிவேடுகளுக்கும் தோமோஸ் என்றே பெயர். முதற் பதின்மர் காலத்து எழுத்தர் கையாண்ட சொல்லே யாழ்ப்பாணத்துக் காணி உறுதியில் வந்து அமர்ந்திருக்கிறது.

போர்த்துக்கேயர் கோட்டை இராச்சியப் பகுதிக்கு 1614ஆம் ஆண்டளவில் தோம்பு எழுதினர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய பின்னர் அங்கும் அத்தகைய பதிவேடுகள் எழுந்தன. 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர் அவ்வேடுகளை மீண்டும் மீண்டும் புதுக்கினர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர்கள் எழுதிய தலைத் தோம்புகளும் காணித் தோம்புகளும் இன்றும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் இருக்கின்றன.

ஏட்டை எழுதுவது வேறு. ஏட்டில் உள்ளதைத் தண்டுவது வேறு. கடல் கடந்து வந்த சில நூறு பேர் ஆயிரக்கணக்கான ஊர்களில் வரி திரட்டுவது எங்ஙனம்? ஊரவரைக்கொண்டே திரட்டினர். சிங்களக் கரையோரத்தில் முதலிமாரும், அவர்களின்கீழ்ப் பல படிநிலைத் தலைமைக்காரரும் இருந்தனர். யாழ்ப்பாணத்தில் மணியகாரர், முதலியார், உடையார், விதானை என்று அடுக்கு அமைந்தது. நிலவரி, தலைவரி முதலியவற்றோடு ஊழியம் என்னும் உடலுழைப்பையும் அவர்களே முறைவைத்து வாங்கினர். கொழும்பைச் சூழ்ந்த பகுதிகளில் இராசகாரியம் என்னும் சேவை முறை நிலவியது. நிலத்தை அனுபவிப்பவர் அதற்கீடாக அரசுக்கு ஏதேனும் ஒரு பணி செய்வர். முதலிமாருக்குச் சம்பளத்துக்குப் பதிலாக நிலங்கள் விடப்பட்டிருந்தன.

இம்முதலிமாரையும் விதானைமாரையும் குற்றமற்ற குலவிளக்குகள் என்று நான் கூறவரவில்லை. ஏழைகளிடம் கூடுதலாக வாங்கியோரும், வேண்டியவர்க்கு ஊழியத்தை விலக்கி வேண்டாதவர்மேல் ஏற்றியோரும் அவர்களுள் இருந்தனர். ஒல்லாந்த ஆளுநர்களின் குறிப்புகளிலேயே இத்தகைய முறைப்பாடுகள் வருகின்றன. ஆயினும் அவர்களுக்கு ஓர் எல்லை இருந்தது. அவர்கள் அவ்வூரிலே பிறந்தவர்கள்; அவ்வூரிலேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். இவ்வாண்டு மழை பொய்த்ததா, இன்னார் வீட்டில் உழைப்பவன் நோயிற் கிடக்கிறானா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் இரங்காதவர் உண்டு. ஆனால் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது.

1796ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் கொழும்புக் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஒல்லாந்தரிடமிருந்து பெற்ற கரையோரத்தைக் கிழக்கிந்தியக் கும்பினி சென்னையிலிருந்து ஆளத் தொடங்கியது. இங்கே வருவாய்ப் பொறுப்புக்கு வந்தவர் சென்னைச் சேவையைச் சேர்ந்த ரொபேட் அண்ட்ரூஸ். அவருடைய மேலதிகாரிகளுக்கு இந்நாடு எத்தனை நாள் தம்மிடம் இருக்கும் என்பதே தெரியாது. ஐரோப்பாவிலே சமாதானம் ஏற்பட்டால் ஒல்லாந்தரிடம் திருப்பிக் கொடுக்க நேரிடலாம். ஆகவே படையெடுப்புக்கும் காவலுக்கும் ஆன செலவை விரைவில் ஈட்டிவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இருந்தது. இன்னும் சில நாளில் வீட்டைவிட்டுப் போகலாம் என்று எண்ணும் குடியிருப்பாளன் கூரையைச் செப்பனிட மாட்டான் அல்லவா?

அண்ட்ரூஸ் செய்த மாற்றங்கள் முக்கியமானவை மூன்று. முதலாவது, சேவைக்கீடாக விடப்பட்டிருந்த நிலங்களை மீட்டு, அவற்றின் விளைவில் அரசுக்குப் பங்கு கேட்டார். இரண்டாவது, தென்னை மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பணம் வீதம் வரி விதித்தார். மூன்றாவது, முதலிமாரை வரிப்பணியிலிருந்து விலக்கி, அவர்களுடைய இடத்திலே சென்னைப் பகுதியிலிருந்து அமில்தார்களை வருவித்தார். பல வரிகள் குத்தகைக்கும் விடப்பட்டன.

அமில்தார் முறை தமிழ்நாட்டுக்குப் பழக்கமானது. கும்பினியாருக்கும் அது பழகிய கருவி. அங்கே பயன்பட்டது இங்கேயும் பயன்படும் என்று எண்ணினர். ஆனால் கொழும்பைச் சூழ்ந்த கோறளைகளில் வாழ்ந்த மக்களுக்கு அமில்தார் முற்றிலும் அயலவர். எந்தக் குடும்பம் எந்தச் சேவைக்கு எந்த நிலத்தை வைத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு நேரமும் இல்லை. இரண்டொரு ஆண்டில் திரட்டிக் கொடுத்துவிட்டு, தாமும் திரட்டிக்கொண்டு, தோணியேறிப் போய்விடலாம். ஆசிய மாகாணத்துக்கு வந்த உரோமக் குத்தகைக்காரரின் நிலையும் இதுவே.

தென்னை வரியின் கொடுமையையும் சற்றுக் கவனிக்க வேண்டும். கொழும்பின் கரையோரத்தில் தென்னை ஒரு வீட்டின் உணவு, எண்ணெய், விளக்கு, கூரை, கயிறு எல்லாம். பத்து மரம் உடைய ஏழை அவற்றைச் செல்வம் என்று கருதியவனல்லன். அவை இருப்பதால் பட்டினி கிடக்காதவன் அவ்வளவே. அவன் கையிலே மரம் இருந்தது, நாணயம் இருக்கவில்லை. விளைவில் பங்கு கேட்கும் வரி, விளைவு குறைந்தால் தானும் குறையும். மரக்கணக்கில் விதிக்கும் வரிக்கு அவ்வாண்டின் காய்ப்பு எப்படியென்று தெரியாது. மழை பெய்தாலும் பொய்த்தாலும் பத்து மரத்துக்குப் பத்துப் பணம். ஆகவே குறையை நிரப்புவது யார் என்னும் வினாவுக்கு இங்கே கிடைத்த விடை வெளிப்படையானது: மரத்தின் சொந்தக்காரன்.

1797இல் கிளர்ச்சி மூண்டது. கொழும்பைச் சூழ்ந்த பகுதிகளில் மக்கள் திரண்டு எதிர்த்தனர். படை அனுப்ப வேண்டியதாயிற்று. 1798 வரையில் அமைதி திரும்பவில்லை. பதவியும் நிலமும் இழந்த தலைமைக்காரர் பலர் இக்கிளர்ச்சியில் மக்களோடு நின்றனர். கண்டி அரசின் அனுதாபமும், ஒல்லாந்தர் மீண்டு வருவர் என்ற பேச்சும் அதற்கு எண்ணெய் வார்த்தன. ஆகவே இதனை ஏழைகள் எழுச்சி என்று மட்டும் கூறுதல் பொருந்தாது. தன் மரங்களுக்காக எழுந்த குடியானவனும் தன் செல்வாக்குக்காக எழுந்த முதலியும் அன்று ஒரே பக்கத்தில் நின்றார்கள். முன்னவனைப் பின்னவர் பலகாலம் நெருக்கியிருந்தும், அமில்தாரைக் கண்டதும் இருவரும் ஒன்றானார்கள்.

சென்னை அரசாங்கம் 1797இல் விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. சுவிற்சர்லாந்து நாட்டவரான படைத்தலைவர் டி மியூரன் அதற்குத் தலைமை தாங்கினார். மேஜர் அக்னியூ ஓர் உறுப்பினர். குற்றச்சாட்டுக்கு இலக்கான அண்ட்ரூசும் அதிலே ஓர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். இருந்தும் குழுவின் முடிவு தெளிவாகவே வந்தது. தென்னை வரி நீக்கப்படவேண்டும். அமில்தார்கள் திருப்பி அனுப்பப்படவேண்டும். முதலிமார் பழைய இடத்தில் அமர்த்தப்படவேண்டும். அவ்வாறே நடந்தது. 1798 அக்டோபரில் பிரெடெரிக் நோர்த் முதல் ஆங்கில ஆளுநராக வந்திறங்கினார். 1802ஆம் ஆண்டு தொடக்கம் கும்பினியின் பிடி நீங்கி, இலங்கைக் கரையோரம் முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று.

தமிழ் நேயர்கள் இங்கே ஒன்றை மனங்கொள்ளுதல் நலம். அவ்வாறு வந்த அமில்தார்களில் நம் மொழி பேசியோர் இருந்தனர். சிங்கள ஊர்களில் அவர்கள்மீது எழுந்த வெறுப்பை இனப்பகை என்று எளிதாகப் பெயரிட்டுவிடலாம். ஆனால் எபேசுவிலும் பெர்கமத்திலும் எழுந்த வெறுப்பைப் பார்த்த பின்னர், வேர் வேறிடத்தில் இருப்பது புலனாகும். ஊருக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லாத ஒருவர் ஊரின் கையிலிருந்து எடுத்துக்கொண்டு போவதுதான் அவ்வேர். அவர் எம்மொழி பேசினாலும் விளைவு ஒன்றே.

கணக்குக் காட்டுதல் என்ற எண்ணம் நம்மவர்க்குப் புதிதன்று. தொண்டை நாட்டு உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921ஆம் ஆண்டில் வெட்டப்பட்ட கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்கு ஆள் தெரிவுசெய்யும் விதிகளைக் கூறுகிறது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தெரிவாகத் தகுதியற்றவர். அவருக்கு நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர். ஊரின் பணத்தைத் தொட்டவர் ஊருக்கு விடைசொல்ல வேண்டும் என்பதை அவ்வூர்ச் சபையார் அன்றே கல்லில் எழுதி வைத்தனர். சபையிலே எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை என்பதும் உண்மை. நிலமும் கல்வியும் உடையோருக்கே அங்கு இடம். அக்குறையை நாம் மறைக்கவேண்டியதில்லை.

மீண்டும் பதவி பெற்ற முதலிமாரின் பிற்கால வரலாறு, கிரேக்க நகரத்து முதற் பதின்மரின் வரலாற்றுக்கு நேர் எதிராய் அமைந்தது. அவர்கள் பதவியால் அழிந்தனர். இவர்கள் பதவியால் வளர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் முதலியார் குடும்பங்கள் பல பெருநிலக்காரராயின. பட்டங்களும் மாளிகைகளும் பெற்றன. இரு சாராரும் அயல் ஆட்சிக்காக உள்ளூரில் வரி தண்டியவர்களே. அப்படியிருக்க இவ்வேறுபாடு எதனால் வந்தது? குறையை நிரப்பும் பொறுப்பு இடம் மாறியதே காரணம். கிரேக்க நகரத்தில் அது பதவியாளரின் சொத்தின்மேல் விழுந்தது. இலங்கையில் பதவியாளருக்கு அதிகாரமும் நிலமும் சேர்ந்தன; குறை மட்டும் குடியானவனின் வரப்பிலே வந்து நின்றது.

அக்குறை எவ்வளவு கொடியதாகலாம் என்பதை நெல்வரி காட்டியது. பழைய அரசர் காலந்தொட்டு வந்த, விளைவில் ஒரு பங்கு என்னும் முறையை ஆங்கிலேயரும் தொடர்ந்தனர். அதைத் தண்டும் உரிமையை ஏலத்தில் விட்டனர். குத்தகைக்காரர் வந்து விளைவை மதிப்பிடும்வரை உழவன் காத்திருக்க வேண்டும். அவர் வரத் தாமதித்தால் முற்றிய கதிர் மழையில் நனையும். ஆகவே அவர் சொன்ன மதிப்புக்கு உழவன் இசைந்தே தீரவேண்டும். குத்தகைக்காரர் அரசுக்குப் பிணை கொடுத்திருந்தார். தம் பிணையைக் காப்பதற்கு உழவனை நெருக்கினார்.

இக்கொடுமையை ஒழிப்பதாகச் சொல்லி 1878இல் அரசாங்கம் நெல்வரிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. நெல்லுக்குப் பதிலாக நிலையான பணத்தொகை விதிக்கப்பட்டது. இடையில் நின்ற குத்தகைக்காரர் மறைந்தார். ஆனால் தவணையிலே பணம் கட்டாதவரின் வயலை ஏலத்தில் விற்க அச்சட்டம் இடமளித்தது. கோப்பிப் பயிர் நோயால் அழிந்து நாடெங்கும் பணம் வற்றிய காலம் அது. நுவரெலியா மாவட்டத்து வலப்பனைப் பகுதியில் 1880களில் ஏராளமான சிறு வயல்கள் வரிப்பாக்கிக்காக ஏலம் போயின. அங்கே உதவி அரசாங்க அதிபராய் இருந்த லெ மெசூரியர் என்பவரே அத்துயரை அரசுக்கு எடுத்துரைத்தார். நீண்ட கிளர்ச்சிக்குப் பின், ஆளுநர் ஹவ்லொக் காலத்தில், 1892இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. இடைத்தரகரை நீக்கிவிட்டால் வரி நியாயமாகிவிடும் என்று பலர் எண்ணுவர். வலப்பனையில் இடைத்தரகர் இல்லை. இருந்தும் உழவன் வயலை இழந்தான். தண்டும் கை மாறியது. குறை விழும் இடம் மாறவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் காட்சி மாறத் தொடங்கியது. 1932இல் வருமானவரி வந்தது. வருவாய் உள்ளவரிடம் வருவாய்க்கேற்பக் கேட்கும் முறை அது. 1940களில் மணியகாரர், முதலியார் முதலிய பெருந்தலைமைப் பதவிகள் மறைந்து, காரியாதிகாரிகள் வந்தனர். 1963இல் ஊர்த் தலைமைக்காரர் பதவி நீங்கி, சம்பளம் பெறும் கிராம சேவகர் நியமிக்கப்பட்டார். ஆயினும் வடக்கிலும் கிழக்கிலும் கிராம அலுவலரை முதியவர்கள் இன்னும் விதானையார் என்றே அழைக்கின்றனர். பெயர் நிலைத்தது, அவருடைய வரிப்பை மட்டும் போய்விட்டது.

அவ்வரிப்பை எங்கே போயிற்று? அது பலருடைய கைக்குப் பிரிந்து சென்றிருக்கிறது. கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ வீடு உடையவர் மாநகர சபைக்குச் சோலைவரி கட்டுகிறார். துறைமுகத்தில் இறங்கும் பொருள்களுக்குச் சுங்கப் பகுதியினர் தீர்வை விதிக்கின்றனர். அக்கொள்கலன்களைத் திறந்து சோதிக்கும் முற்றத்தால் நம் ஒருகொடவத்தையும் வரியின் வரலாற்றில் ஒரு வாயிலாக அறியப்பட்டிருக்கிறது. இவை கண்ணுக்குத் தெரியும் வாயில்கள். கண்ணுக்குத் தெரியாத வாயில் கடையிலே இருக்கிறது. 2002இல் வந்த பெறுமதி சேர் வரியைப் பதிவுபெற்ற வணிகர்கள் நம்மிடம் வாங்கி அரசுக்குக் கட்டுகிறார்கள். காலி வீதியிலே துணி விற்கும் முதலாளியும் ஒருவகையில் இக்காலத்து ஆயக்காரரே. அவரை நாம் வெறுப்பதில்லை. ஏனெனில் வரியை அவர் கேட்பதாகவே நமக்குத் தோன்றுவதில்லை. விலையோடு விலையாக அது போய்விடுகிறது.

இங்கே நம் பழைய வினாவை மீண்டும் எழுப்பிப் பார்ப்போம். 2019ஆம் ஆண்டின் இறுதியிலே நம் நாட்டில் வரிகள் பல குறைக்கப்பட்டன. பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8 ஆக இறங்கியது. மகிழாதவர் சிலரே. அடுத்து வந்த பெருந்தொற்றும் அதனோடு சேர்ந்துகொள்ள, அரசின் வருவாய் வெகுவாகச் சுருங்கியது, செலவு சுருங்கவில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை அரசு நிறுத்தி வைத்தது. அவ்வாண்டில் எரிபொருளுக்கும் சமையல் வாயுவுக்கும் நின்ற வரிசைகளை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பின்னர் அதே வரி படிப்படியாக ஏறி, 2024 ஜனவரியில் நூற்றுக்கு 18 ஆயிற்று.

அக்குறையை நிரப்பியவர் யார்? முதற் பதின்மர் எவரும் தம் காணியை விற்று நிரப்பவில்லை. அமில்தார் வீடு வீடாக வந்து கேட்கவுமில்லை. கடையிலே பொருள் வாங்கிய ஒவ்வொருவரும் சிறிது சிறிதாக நிரப்பினர். மாதம் இலட்சக்கணக்கில் வருவாய் உடையவரும், நாட்கூலி பெறுபவரும் ஒரே பொருளுக்கு ஒரே விலை கொடுத்தனர். முன்னவருக்கு அது தெரியவில்லை. பின்னவருக்கு அது ஒரு வேளை உணவாய்த் தெரிந்தது. மரக்கணக்கில் விதித்த தென்னை வரி பத்து மரக்காரனையும் பெருந்தோப்புக்காரனையும் ஒரே கோலால் அளந்தது போலவே இதுவும் அளந்தது.

வரியின்றி நாடு நடவாது. நாம் பிள்ளைகளை அனுப்பும் இலவசப் பாடசாலையும், நோயுற்றபோது நாடும் அரசினர் மருத்துவமனையும் எங்கிருந்தோ வரும் கொடையால் நடப்பவையல்ல. ஆகவே வரியே தீது என்று எவரும் கூறார். புதிய வரி ஒன்று வரும்போது எவ்வளவு என்று கேட்கிறோம். சலுகை ஒன்று அறிவிக்கப்படும்போது மகிழ்கிறோம். இரண்டு வேளையிலும் கேட்கவேண்டிய வேறு இரு வினாக்கள் உள்ளன. இதனைத் தண்டுபவர் யாருக்குக் கணக்குக் காட்டுகிறார்? தண்டியது போதாமற் போனால் யாருடைய வீட்டுப் பானை குறையும்? முதல் வினாவை உத்தரமேரூர்ச் சபையார் கேட்டனர். இரண்டாம் வினாவைக் கொழும்பைச் சூழ்ந்த தென்னந்தோட்டத்து மக்கள் 1797இல் கேட்டார்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டம் வாசிக்கப்படும்போது அவற்றை நாமும் கேட்கலாம். கடையிலே வாங்கும் பற்றுச்சீட்டின் அடிவரியைப் படித்துப் பார்ப்பதிலிருந்தே அதனைத் தொடங்கலாம்.